வட சென்னைக்கு மைக் எடுத்துட்டு வர்ற பசங்களுக்கு

காலேஜ் ரேடியோல சமூக நீதி பத்தி ப்ரோகிராம் பண்ணணும், உங்க ஏரியா ஆளுங்ககிட்ட பேசணும், யார பாக்கணும் என்ன கேக்கணும்னு ஜூனியர் பசங்க அடிக்கடி கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிட்டு இருக்குறதுக்கு ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் வியாசர்பாடி. படிச்ச காலேஜ்ல கம்யூனிட்டி ரேடியோ, அதாவது சுத்துவட்டார மக்களுக்காக நடத்துற சின்ன எஃப்எம் ஸ்டேஷன், இருந்துச்சு, அதுல வாராவாரம் அரை மணி நேரம் பேச்சு நிகழ்ச்சி எங்க டீம் கையில, அதுக்காக காசிமேடு, தண்டையார்பேட்டை, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, எண்ணூர்னு சுத்தாத தெரு இல்ல.

மொதல்ல ஒண்ணு. கஷ்டத்த கேக்காதீங்க, வேலைய கேளுங்க.

"உங்க வாழ்க்கைல நீங்க படுற கஷ்டத்த சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா எந்த வூட்டுக்கு போனாலும் ஒரே பதில் தான் வரும், ஏன்னா மைக்கும் கேமராவும் எங்க பக்கம் புதுசே கெடையாது, வெள்ளம் வந்தா வருவாங்க, கொலை நடந்தா வருவாங்க, எலெக்‌ஷன் வந்தா வருவாங்க, என்ன சொன்னா வந்தவங்க திருப்தியா கெளம்புவாங்கன்னு எங்க ஆளுங்களுக்கு நல்லாவே தெரியும், அத சொல்லி அனுப்பிடுவாங்க. அதே ஆள்கிட்ட "காலைல எத்தன மணிக்கு எழுந்தீங்க, அப்புறம் என்ன பண்ணீங்க"ன்னு கேட்டா வேற பேச்சு வரும்.

புளியந்தோப்பு பக்கம் ஒரு அம்மா, தூய்மைப் பணியாளர், கான்ட்ராக்ட். அவங்ககிட்ட நாங்க கேட்டது இவ்ளோதான், நேத்து காலைலேர்ந்து மதியம் வரைக்கும் என்னென்ன பண்ணீங்க. நாலு மணிக்கு எழுந்தேன், சோறு வடிச்சேன், பசங்களுக்கு கட்டி வச்சேன், ஒரு டீ, அப்புறம் வார்டு ஆபீஸ்ல கையெழுத்து, அப்புறம் பேட்டரி வண்டி எடுத்துட்டு தெருவுக்கு போயிடுவேன்னு சொல்லிட்டே வந்தவங்க நடுவுல "தண்ணி மட்டும் குடிக்க மாட்டேன் பா"ன்னாங்க. அது கேள்வில இல்லவே இல்ல. ஏன் மான்னு கேட்டோம். "குடிச்சா போவணுமில்ல, எங்க போறது? அவங்க வூட்டு குப்பய நான் எடுக்கலாம், அவங்க வூட்டு பாத்ரூமுக்கு நான் போவ முடியுமா, சொல்லு." அதுக்கப்புறம் அவங்களே தொடர்ந்து பேசுனாங்க, நீர்க்கடுப்பு வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரில போய் நின்னது, மாசத்துல அந்த நாலு நாள் எப்படி ஓட்டுறது, கையுறை கிழிஞ்சா அடுத்தது எப்ப வரும், எந்த தெருவுல சொம்புல தண்ணி தருவாங்க, எந்த தெருவுல பாட்டில்ல தூக்கி ஊத்துவாங்க. சாதின்ற பேச்ச நாங்களும் எடுக்கல, அவங்களும் எடுக்கல, ஆனா அந்த இருபது நிமிஷம் ஃபுல்லா அதுதான் ஓடுச்சு, கேட்டவங்க எல்லாருக்கும் புரிஞ்சுது. "சமூக நீதின்னா உங்களுக்கு என்ன"ன்னு கேட்டிருந்தா இதுல ஒரு வரி கூட வந்திருக்காது.

பின்னாடி 2025 ஆகஸ்ட்ல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்து குப்பை வேலைய தனியாருக்கு விட்டத எதிர்த்து ரிப்பன் பில்டிங் முன்னாடி தூய்மைப் பணியாளர்கள் ராத்திரி பகலா உக்காந்தாங்க இல்லயா, ஊர்ல பாதி பேர் அப்பதான் அவங்க முகத்தயே பாத்தாங்க. தினமும் நம்ம வாசல்ல நின்னு விசில் அடிச்சவங்க தான் அவங்க. போராட்டம் நடக்குற நாள்ல மைக் நீட்ட நூறு பேர் வருவாங்க, அது தப்பில்ல, ஆனா ஸ்டூடன்ட் ரேடியோவுக்கு டெட்லைன் நெருக்கடி கெடையாது, நம்மால ஒரு சாதாரண செவ்வாக்கிழமைல போய் உக்கார முடியும். அந்த வசதிய விட்டுடாதீங்க.

எப்ப போறதுன்றதும் முக்கியம். காசிமேட்டுல விடியக்காத்தால ஏலம் நடக்கும்போது போய் அண்ணா ஒரு நிமிஷம்னு நின்னா உங்கள ஒதுக்கி தள்ளிட்டு போவாங்க, அவங்க பொழப்பு அது. மதியத்துக்கு மேல வலை பின்னிட்டு நெழல்ல உக்காந்திருப்பாங்க, அப்ப பக்கத்துல உக்காந்தா கை வேலைய பாத்துட்டே வாய் தானா பேசும். வீட்ல இருக்குற பொம்பளைங்கள பாக்கணும்னா தண்ணி வர்ற நேரத்த விசாரிச்சுட்டு அத விட்டுட்டு போங்க. கம்பெனிக்கு ஷிஃப்ட் போறவங்கன்னா ஞாயித்துக்கெழம சாயந்தரம். மொத தடவ மைக்கே எடுக்காம சும்மா போயிட்டு வாங்க, ஏரியால ஒருத்தர் கூட வந்து இவங்க நம்ம பசங்கன்னு சொன்னா பாதி வேலை முடிஞ்சுது.

சவுண்ட் பத்தி நிறைய சொல்ல வேணாம், ஃபோனே போதும். ஏரோப்ளேன் மோட்ல போட்டுடுங்க, ரெக்கார்டிங் ஆப்ல வேவ் ஃபார்மட்டுக்கு மாத்திக்கோங்க, வாய்க்கும் மைக்குக்கும் ஒரு ஜாண், நேரா இல்லாம கொஞ்சம் சைடா, இல்லன்னா 'ப' வர்ற எடமெல்லாம் புஸ்ஸுன்னு அடிக்கும். ஃபேன ஆஃப் பண்ண சொல்லி கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க. எண்ணூர் ஹைரோடு, மணலி பக்கமெல்லாம் கன்டெய்னர் லாரி போயிட்டே இருக்கும், ஹாரன் அடிச்சா பேச்ச நிறுத்திட்டு போனதும் அந்த வாக்கியத்த திரும்ப சொல்ல சொல்லுங்க. முடிச்சதும் யாரும் பேசாம ஒரு நிமிஷம் அந்த எடத்தோட சத்தத்த மட்டும் தனியா ரெக்கார்ட் பண்ணி வைங்க, எடிட்டிங்ல ஒட்டுப் போட்ட எடம் தெரியாம இருக்க அது தான் கை குடுக்கும்.

எடிட்டிங்ல ஒரு விஷயத்துக்கு மட்டும் சண்டையே போடுவேன். எங்க ஆளுங்க பேசுற பாஷைய வெட்டாதீங்க. "இன்னாத்துக்கு", "வூட்டாண்ட", "இட்டுனு போ" இதெல்லாம் ரேடியோல வந்தா தரம் கொறையும்னு நெனைக்கிறவங்க ஸ்டேஷன்லயே இருப்பாங்க. கம்யூனிட்டி ரேடியோவுக்கு மத்திய அரசு போட்ட விதிமுறையே முடிஞ்ச வரைக்கும் உள்ளூர் மொழிலயும் வட்டார வழக்குலயும் நிகழ்ச்சி இருக்கணும்னு தான் சொல்லுது, பாதி நிகழ்ச்சியாச்சும் அந்த ஊர் மக்கள் பங்கெடுத்து செஞ்சதா இருக்கணும்னும் சொல்லுது. அத பிரின்ட் எடுத்து காட்டுங்க. சினிமால ரவுடிக்கும் காமெடிக்கும் மட்டும் ஒதுக்கி வச்ச பாஷைல ஒரு ஆயா ரேஷன் கடை கணக்க புள்ளி தவறாம பேசுறத ஊரே கேக்கணும், அது ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கிறேன்.

ஏரியா பேரு சம்பந்தமாவே ஒரு எபிசோட் பண்ணோம். எங்க தெரு பசங்க ரெஸ்யூம்ல வியாசர்பாடின்னு போட மாட்டாங்க, பெரம்பூர்னு போடுவாங்க. புளியந்தோப்பு பையன் புரசைவாக்கம்பான். இன்டர்வியூல நல்லா பேசிட்டு இருந்தவர் அட்ரஸ பாத்ததும் ஃபைல மூடிட்டார்னு ஒரு தம்பி சொன்னான், டிகிரி முடிச்சவன், ஃபுட்பால்ல மாவட்ட அளவுல ஆடினவன். லோன் கேட்டா பின்கோட பாத்து இழுக்குறாங்க, பைக் டாக்ஸி ராத்திரி ஆனா கேன்சல் பண்றாங்கன்னு அதுக்கப்புறம் வரிசையா வந்துச்சு. இந்த மாதிரி பேச்சுல ஒரே ஏரியா பசங்க நாலஞ்சு பேர சேத்து உக்கார வச்சு நீங்க வாய மூடிக்கோங்க. ஒருத்தன் சொல்றத இன்னொருத்தன் "எனக்கும் மச்சான்"னு புடிச்சுப்பான், நிகழ்ச்சி அவனுங்களாலயே நகரும்.

அனுமதி. பேச ஆரம்பிக்கும்போது ஒரு தடவ மைக்லயே கேளுங்க, இது எங்க வரும், யார் கேப்பாங்க, பேர் போடலாமான்னு. ஆனா அது போதாது. பேசுற வேகத்துல மனசுல இருக்குறது எல்லாம் வந்துடும், வீட்டுக்கு போனப்புறம் தான் ஐயோ சூப்பர்வைசர் பேர சொல்லிட்டோமேன்னு தோணும். அதனால எடிட் பண்ணி முடிச்சதும் ஒலிபரப்புக்கு முன்னாடி அவங்ககிட்ட எடுத்துட்டு போய் முழுசா போட்டு காட்டுங்க, எந்த எடத்த எடுக்க சொன்னாலும் எடுத்துடுங்க, ஏன்னு கேள்வி கேக்காதீங்க. எங்க ப்ரோகிராம்லயே ரொம்ப நல்லா வந்த ஒரு பகுதிய ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி அண்ணன் வேணாம் தம்பின்னுட்டாரு, எடுத்துட்டோம், அவர் பொண்ணுக்கு கல்யாணம் வச்சிருந்த நேரம், வேலை போனா யார் பாப்பா.

குரல மாத்தி போட்டா அடையாளம் தெரியாதுன்னு நம்பிடாதீங்க. ஒரே கேட்ல வேலை பாக்குறவங்களுக்கு, எந்த மெஷின்ல எந்த ஷிஃப்ட்ல யாருக்கு விரல் போச்சுன்னு சொன்னாலே ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். அந்த மாதிரி விஷயத்துக்கு ரெண்டு மூணு பேரோட அனுபவத்த அவங்க சம்மதத்தோட சேத்து எழுதி டீம்ல ஒருத்தர் படிங்க, இது பல பேர் சொன்னது, நாங்க எழுதி படிக்கிறோம்னு கேக்குறவங்களுக்கு சொல்லிடுங்க.

அப்புறம் சிக்னல். கம்யூனிட்டி ரேடியோவுக்கு குடுக்குறது சாதாரணமா 100 வாட், டவர் 30 மீட்டருக்கு மேல போகக் கூடாது, அஞ்சு பத்து கிலோமீட்டர் எட்டுனா பெரிய விஷயம். இந்தியாவுல மொத கேம்பஸ் கம்யூனிட்டி ரேடியோவே நம்ம ஊர்ல தான் வந்துச்சு, 2004 பிப்ரவரி 1ஆம் தேதி, கிண்டி அண்ணா யுனிவர்சிட்டியோட அண்ணா எஃப்எம். பெருமையான விஷயம். ஆனா கிண்டி எங்க எண்ணூர் எங்க. மொத கொள்கை வந்தப்ப, 2002ல, படிப்பு நிறுவனங்களுக்கு மட்டும் தான் லைசென்ஸ், 2006ல தான் தொண்டு அமைப்புங்களும் நடத்தலாம்னு ஆச்சு. காலேஜ் எங்க நெறைய இருக்கோ ரேடியோவும் அங்க தான் நெறைய வரும், அது தெற்கயும் மேற்கயும். அதனால எண்ணூர் பத்தி நாங்க பேசுனது எண்ணூருக்கே கேக்கல.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கத்துலேர்ந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா வந்து கொசஸ்தலை ஆறு முகத்துவாரம் பூரா படிஞ்சுது, மீனவங்க பக்கெட்டும் மக்குமா கையாலயே அள்ளுனாங்க. அந்த மாசமே 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ஜனங்க மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. ஆத்துல கையால தடவி எறா புடிச்சு, வாயில கடிச்சிருக்குற பறின்ற கூடைல போட்டு பொழைக்கிற இருளர் பொம்பளைங்க, உடம்பு முழுக்க அந்த தண்ணிக்குள்ள இருக்குறவங்க. தோல் என்னாச்சு, எறா என்ன வெலைக்கு போகுது, எண்ணூர் எறான்னு சொன்னா வாங்க மாட்டேன்றாங்களாமேன்னு அவங்ககிட்ட பேசி பதிவு பண்ணிட்டு, அது அடையாறுலயும் மைலாப்பூர்லயும் மட்டும் கேட்டுட்டு போனா என்ன பிரயோஜனம்?

அதுக்கு நாங்க புடிச்ச வழி ப்ளூடூத் ஸ்பீக்கர். நிகழ்ச்சி வந்த அடுத்த ஞாயித்துக்கெழம அதே தெருவுக்கு போய் கோயில் வாசல்லயோ டீக்கடை பெஞ்ச்லயோ ஸ்பீக்கர வச்சு போட்டு காட்டுவோம். அங்க தான் நெஜமான ப்ரோகிராமே நடக்கும்னு சொல்லணும். "அவ சொன்னது தேதி தப்பு", "அந்த நஷ்டஈடு லிஸ்ட்ல எங்க வூட்டு பேரே இல்ல, அத ஏன் கேக்கல", "படகு வச்சிருக்கிறவன் கதைய மட்டும் போட்டீங்க, கூலிக்கு போறவன் என்ன ஆனான்"னு மாத்தி மாத்தி பேசுவாங்க. அதயும் அனுமதி கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்க, அடுத்த வாரத்து எபிசோட் அதுதான். வாட்ஸப் குரூப்புக்கு அனுப்புறதா இருந்தா அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகாம துண்டு துண்டா வெட்டி அனுப்புங்க, அரை மணி நேர ஃபைல யாரும் டவுன்லோட் பண்ண மாட்டாங்க, டேட்டா தீந்துடும்.

அரசியல் பேசக் கூடாது, சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாதுன்னு விதி இருக்கே, அப்புறம் சமூக நீதி எப்படி பேசுறதுன்னு எல்லா பேட்ச்சும் கேக்கும். கட்சி பேர், தலைவர் பேர், யாருக்கு ஓட்டுன்ற பேச்சு, இத விட்டுடுங்க. சட்டம் என்ன சொல்லுது, பைப்புல என்ன வருது, மனு குடுத்தா எங்க போய் நிக்குது, இத பேச எந்த தடையும் கெடையாது. நாங்க அதிகமா நம்புனது தகவல் உரிமை சட்டத்த. 2005 சட்டம், வெள்ளைத்தாள்ல தமிழ்லயே எழுதலாம், பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும், 30 நாளுக்குள்ள பதில் குடுக்கணும். எங்க தெரு பொதுக் கழிப்பறைய கழுவ யாருக்கு கான்ட்ராக்ட், ஒரு நாளைக்கு எத்தன தடவ கழுவணும்னு ஒப்பந்தத்துல இருக்குன்னு கேட்டோம், வந்த காகிதத்த ஒரு அக்கா மைக்ல அப்படியே படிச்சாங்க, ஒவ்வொரு வரி முடிஞ்சதும் சுத்தி நின்னவங்க அங்க நெஜமா என்ன நடக்குதுன்னு சொன்னாங்க. யாரயும் திட்டல, ஒரு கருத்தும் சொல்லல. அந்த எபிசோட யாராலயும் மறுக்க முடியல.

அதிகாரிங்கள கூப்பிடும்போது லெட்டர் குடுத்து தேதி சீல் வாங்கிக்கோங்க. வந்தா மரியாதையா பேசுங்க, ஆனா ஏரியா ஆளயும் அவரயும் ஒரே டேபிள்ல மொத தடவயே உக்கார வைக்காதீங்க, சார் சார்னு எங்க ஆளுங்க அடங்கிடுவாங்க. ஏரியா ஆளுங்க பேசுனத மொதல்ல தனியா பதிவு பண்ணி அதிகாரியோட ஆபீஸ்ல போட்டு காட்டி அதுக்கு பதில் வாங்குங்க. வரலன்னா கேட்டிருந்தோம், பதில் வரலன்னு ஒரே வரி, அதுக்கு மேல வேணாம். வக்கீல், பேராசிரியர் எல்லாம் கடைசி அஞ்சு நிமிஷம் போதும்.

எங்க ஏரியா வரலாற தெரிஞ்சுட்டு வாங்கன்னும் சொல்லுவேன், சும்மா பெருமைக்கு இல்ல, பேச்சு தொறக்கும். பெரம்பூர்ல பி அண்ட் சி துணி மில் 1996ல மூடுனது, அந்த மில்லு சங்கு ஊதுற கணக்குல சோறு வடிச்ச ஆயாங்க இன்னிக்கும் இருக்காங்க. அந்த தொழிலாளிங்கள வச்சு தான் 1918 ஏப்ரல் 27ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சுது, வாடியா, திரு.வி.க. எல்லாம் முன்னாடி நின்னாங்க, அவங்க மொத மொத எடுத்த குறைல ஒண்ணு சாப்பாட்டு நேரம் அரை மணி பத்தலன்றது. நூறு வருஷம் கழிச்சு தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்ன அந்தம்மா பேச்சுக்கு முன்னாடி இத ரெண்டு நிமிஷம் சொல்லி போட்டோம், யாருக்கும் வேற விளக்கம் தேவப்படல.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவுலயும் கேக்குறவங்க கைக்கு ஏதாச்சும் குடுங்க. மாநகராட்சி புகாருக்கு 1913, கம்ப்ளெய்ன்ட் நம்பர கண்டிப்பா எழுதி வச்சுக்க சொல்லுங்க. இலவச சட்ட உதவிக்கு 15100, பொம்பளைங்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வருமானம் எவ்ளோன்னு பாக்காம குடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்கு, எங்க தெருவுல முக்கால்வாசி பேருக்கு இது தெரியாது. திங்கக்கிழம குறைதீர் நாள் மனு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல, அந்த பில்டிங் பேரே சிங்காரவேலர் மாளிகை, 1923ல இந்தியாவுலயே மொத மே தினம் கொண்டாடுன அதே சிங்காரவேலர். திருவொற்றியூர் வரைக்கும் சென்னை மாவட்டம், அத்திப்பட்டு மீஞ்சூர் ஆளுங்கன்னா திருவள்ளூர் கலெக்டர், மாத்தி அனுப்பிடாதீங்க, ஒரு நாள் கூலி போயிடும். தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்ன புளியந்தோப்பு அம்மாவும் கூட வேலை பாக்குறவங்களும் சேந்து மனு குடுத்தாங்க, அலைய விட்டாங்க, திரும்ப போனாங்க, கடைசில வார்டு ஆபீஸ் டாய்லெட் சாவில ஒண்ணு அவங்ககிட்ட வந்துச்சு. தெருவுல இருக்கும்போது இன்னும் பிரச்சன அப்படியே தான் இருக்கு, அது முடியல.

ஸ்டேஷன்ல எல்லா நிகழ்ச்சியயும் மூணு மாசம் வச்சிருக்கணும்னு விதி, அதுக்கப்புறம் ஹார்ட் டிஸ்க் ரொம்பிடுச்சுன்னு அழிச்சுடுவாங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பி பேசுனவங்களுக்கு, ஒரு காப்பி அந்த தெரு பசங்க யாராச்சும் ஒருத்தர்கிட்ட. யார் எதுக்கு சம்மதம் குடுத்தாங்க, எத எடுக்க சொன்னாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி அடுத்த பேட்ச் கையில குடுத்துட்டு போங்க, அத படிக்காம பழைய ஆடியோவ யாரும் திரும்ப போடக் கூடாது.